சும்மாதானே கீது

எங்கள் வீட்டு ஊஞ்சலில் பலகை கிடையாது. உத்தரத்திலிருந்து நாலு பித்தளைச் சங்கிலி மட்டும் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். “தம்பி எடுத்துகினு போயிருக்கான்” என்பாள் அம்மா. எதற்கு என்று கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். தேக்குப் பலகைக்குச் சக்கரம் பூட்டி, மோட்டார் வைத்து, பின்னால் ஒரு நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு பாலசமுத்திரம் ரோட்டில் போவதற்கு என்று கூடப் பிறந்தவனைப் பற்றி எந்த அக்கா வாய்விட்டுச் சொல்வாள்?

சின்ன மாமா எதையும் கேட்டு வாங்குகிறவர் இல்லை. திருடுகிறவரும் இல்லை, அப்படி யாராவது சொல்லிவிட்டால் மூன்று நாள் சாப்பிட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வீட்டுக்குள் வருவார். “காப்பி வேணாம் அக்கா” என்பார். நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புவார். கண் ஓரிடத்தில் போய் நிற்கும்.

“இது சும்மாதானே கீது?”

அவ்வளவுதான், அந்தப் பொருள் போய்விட்டது. நீங்கள் “இல்ல மாமா, வேணும்” என்று வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வந்திருக்கும்.

அவர் கணக்கில் ‘சும்மா’ என்றால் அந்த நிமிஷத்தில் யார் கையிலும் இல்லாதது என்று பொருள். மார்கழியில் யார் வீட்டிலும் ஃபேன் ஓடாது. ஆகவே மார்கழியில் ஊர் ஃபேன் அத்தனையும் சும்மா கிடக்கிறது. அத்தையின் தையல் மெஷின் மோட்டார், அவள் மதியம் கண்ணயர்ந்தபோது சும்மா இருந்தது. பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி, அவர் குளிக்கப் போனபோது சும்மா இருந்தது. (வெயிலைக் குவித்து ஒரு பிளாஸ்டிக்கை உருக்க வேண்டியிருந்ததாம்.) பெரியப்பா ஈரத் தலையோடு வந்து, சாயங்காலம் வரைக்கும் அலமாரி அலமாரியாகத் தடவிக்கொண்டிருந்தார். மாமாவும் பக்கத்தில் நின்று கூடவே தேடினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாலசமுத்திரம் என்ற எங்கள் ஊர்ப் பேருக்குத் தெலுங்கில் பாற்கடல் என்று அர்த்தம் சொல்வார்கள். அந்தப் பாற்கடல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தர மலை சும்மா கிடந்தது, மத்தாக்கினார்கள். வாசுகி சும்மா கிடந்தது, கயிறாக்கினார்கள். மலைக்காரனிடம் யாரும் கேட்கவில்லை. மாமா அந்தக் கோஷ்டியில் இருந்திருக்க வேண்டியவர், யுகம் தவறிப் பிறந்துவிட்டார். அல்லது மண்ணின் வாசியோ என்னவோ. பிரித்தெடுத்து வேறு இடத்தில் மாட்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1911ல் வடார்க்காட்டிலிருந்து கழற்றிச் சித்தூர் மாவட்டம் செய்தார்கள். 1960ல் சித்தூரிலிருந்து திருத்தணியையும் பள்ளிப்பட்டையும் கழற்றித் தமிழ்நாட்டுப் பக்கம் மாட்டினார்கள். 2022ல் புத்தூரைக் கழற்றித் திருப்பதி மாவட்டத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு ஸ்க்ரூ மிச்சம் என்பதுபோல எங்களை மாதிரி ஆட்கள் ஏதாவதொரு பக்கத்தில் மிச்சம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும்.

இந்த ஸ்கேட்போர்டு விவகாரம் ஒரு ஹோவர்போர்டில் ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரப் பையன், ஓடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனது. 2016 ஜூலையில் அமெரிக்காவில் இந்த ஹோவர்போர்டுகளில் 5 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றார்கள், பேட்டரி தீப்பிடிக்கிறது என்று. இதை நான் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். “பேட்டரிதானே எரியுது? சக்கரம் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டு இரண்டு சக்கரத்தையும் கழற்றினார்.

அந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அதில் மோட்டார் தனியாகக் கிடையாது, சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. நடுவிலிருந்து மூன்று தடித்த ஒயர், ஐந்து மெல்லிய ஒயர் வெளியே வரும். மாமா சக்கரத்தை மடியில் வைத்துச் சுழற்றினார். எண்ணெய் தடவினதுபோல ஓடியது. பிறகு மூன்று தடித்த ஒயரின் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, “இப்ப சுத்து” என்றார். ஈரமண்ணில் சிக்கினது போலத் திணறியது. முறுக்கைப் பிரித்தார், மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் அவரைவிட நல்ல வாத்தியார் எனக்கு வாய்த்ததில்லை.

“அப்போ இதையே பிரேக்கா வச்சிக்கலாமே மாமா?”

“பிரேக்குக்கு வேற ஆள் பாத்து வச்சிருக்கேன்” என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

பலகை எங்கள் ஊஞ்சல். முன்சக்கரத்துக்கு, தெருப் பிள்ளைகளின் பேரிங் வண்டி. அதுகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், வண்டி சும்மா இருந்தது. பேட்டரிக்கு அவர் செய்ததுதான் ஊரை இரண்டாக்கியது. மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயரில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மூன்றை வரிசையாகக் கோர்த்தால் 36 வோல்ட். ஹோவர்போர்டு சக்கரத்துக்குச் சரியாக அதுதான் வேண்டும். மூன்று வீட்டில் மூன்று ஸ்ப்ரேயர் சும்மா இருந்தது, ராத்திரியில். தை மாசம், மாமரம் பூத்து நிற்கிறது, பூவில் தத்துப்பூச்சி அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடிகாலையில் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு போய் ஸ்விட்சைப் போட்டவனுக்கு எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் நேரே மாமா வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பாவா, நா பேட்டரி ஏதி?”

“ஊரிகே உந்தி கதா!” என்றார் மாமா. சும்மாதானே கீது என்பதன் தெலுங்கு. அந்த மொழியில் அவர் தப்பில்லாமல் பேசுகிற ஒரே வாக்கியம்.

குறுக்கே ஒன்று. “ஜி.டி.நாயுடு மட்டும் பிரிக்கலியா?” என்பது மாமாவின் பிரம்மாஸ்திரம். பிரித்தார்தான். கோயம்புத்தூர் ஹோட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அப்புறம் பிரித்தார். இந்த ‘விலைக்கு வாங்கி’ வரும்போது மட்டும் மாமாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதேபோல, கலிபோர்னியாவில் லூயி ஃபிங்கிள் என்பவர் மின்சார ஸ்கேட்போர்டுக்கு 1999லேயே காப்புரிமை வாங்கிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். “வாங்கி இன்னா பண்ணாரு? சும்மாதானே வச்சிருக்காரு?”

அவர் காசு கொடுத்து வாங்கியது கன்ட்ரோலர் மட்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது. அதிலும் சிக்கனம் பார்த்து ஒன்றுதான் வாங்கினார். ஒரு சக்கரம் ஓடினால் இன்னொன்று கூட வராமல் எங்கே போகும் என்பது அவர் கட்சி. கூட வந்தது, வட்டமாக வந்தது. களத்தில் மாமா செக்கு மாடுபோல மூன்று சுற்றுச் சுற்றி இறங்கினார். பேரிங் வண்டியைப் பறிகொடுத்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டின. மறுநாளே இன்னொரு கன்ட்ரோலருக்குப் பணம் அனுப்பினார். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற மின்சார வண்டிக்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இரண்டு மோட்டாரையும் கூட்டினால் தாண்டுமே என்றேன். “கூட்டச் சொல்லி யாரு சொன்னா?” என்றார்.

இனி பிரேக். பிரேக்கின் பெயர் மணி.

டீக்கடை நாய். யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் பொறையிலும் பங்குண்டு. தெலுங்கில் ‘ரா’ என்றாலும் வரும், தமிழில் ‘வாடா’ என்றாலும் வரும். ‘போ’ என்பது இரண்டு மொழியிலும் ஒரே சொல். அதை மட்டும் எந்த மொழியிலும் கேட்காது. போகிற வருகிற பைக்கையெல்லாம் எல்லைவரை துரத்திவிட்டு, கடமை முடிந்ததென்று திரும்பி வரும். மாமா திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாரம் இதைப் பார்த்திருக்கிறார்.

“எவ்ளோ ஓடுது பாரு. சும்மாதானே ஓடுது?”

நார்வேக்காரர்கள் பனிச்சறுக்குக் கட்டையில் நின்றுகொண்டு நாயை இழுக்க விடுகிற வீடியோவையும் பார்த்திருக்கிறார். அங்கே நாய் முன்னால் ஓடும். கயிறு கழுத்தில் இல்லை, நெஞ்சைச் சுற்றிய வாரில் இருக்கும். ஊரே பனி. மாமா அதைத் தலைகீழாக்கினார். மோட்டார்தான் இருக்கிறதே, நாய் எதற்கு இழுக்க வேண்டும்? பின்னால் கட்டினால், நிறுத்த வேண்டிய இடத்தில் ‘மணி, உக்காரு’ என்றால் போதும். கிணற்றில் தண்ணீர் வற்றி வருஷமாகிறது, வாளிக்கயிறு சும்மாதானே கிடந்தது.

மாசிக் கடைசியில் ஒரு மதியம், ரெண்டு மணி. ரோட்டில் ஆள் இருக்காது என்று அவரே பார்த்த முகூர்த்தம். மாமா பலகை மேல் ஏறினார். மணியின் கழுத்தில் கயிறு. ஆக்சிலேட்டரைத் திருகினார். மணி உட்கார்ந்துகொண்டது. கயிறு விறைத்தது, வண்டி அசையவில்லை. “பாத்தியா பிரேக்கு!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு வயது பத்து.

இரண்டாம் தடவை மணி ஓடியது. பலகையை முந்திக்கொண்டு முன்னால் போனது. நார்வே ஆகிவிட்டது. பேரிங் சக்கரம் தாரில் போடுகிற கரகரப்பில் மாமா என்ன கத்தினார் என்று காதில் விழவில்லை. கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஏதோ வாசம் கண்டு மணி இடது பக்கம் திரும்பியது. வண்டிக்குத் திரும்பத் தெரியாது, நேரே போகத்தான் தெரியும். பின்கட்டையில் கட்டிய கயிறு சுண்டி இழுக்க, பலகை குறுக்கே நின்றது. மாமா நிற்கவில்லை.

சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஓடிப்போய்த் தூக்கினேன். மாமா முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “கன்ட்ரோலர் நல்லாகீதா பாரு” என்றார். நான் மணியிடம் போனேன். நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றது. தாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணவில்லை, எடுத்துவிட்டேன். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூடு தணிய வேண்டும். கழுத்தில் கயிறு இறுகினால் அதுவும் போச்சு. இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960லேயே வந்துவிட்டது, அதைப் படிக்கக்கூட வேண்டாம். நாக்கு தொங்குவதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். ஊஞ்சல் சும்மா கிடக்கலாம், ஸ்ப்ரேயர் சும்மா கிடக்கலாம். உயிருள்ளது எதுவும் சும்மா கிடப்பதில்லை என்று அன்றைக்கு அவரிடம் நேராகவே சொன்னேன். மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. அவர் பதில் சொல்லவில்லை. கயிற்றை அவரே இடது கையால் அவிழ்த்தார், ரொம்ப நேரம் பிடித்தது.

இதே ஆள்தான் 2021 நவம்பர் மழையில், தெருவில் கரண்டு போய்க் கிடந்தபோது, யார் யார் வீட்டிலோ ‘சும்மா’ இருந்த பைக் பேட்டரிகளைக் கோர்த்துத் திண்ணையில் வைத்து, தெரு முழுக்கச் செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தவர். சென்னையில் பிரசவத்துக்குக் காத்திருந்த மகளோடு ஒரு கிழவி பேசிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டு டார்ச் லைட்டும் அந்தக் குவியலில்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

அந்த முழங்கைக்காக மாமாவைப் புத்தூர் கட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர், கேள்வியே கிடையாது. தமிழ்நாடு பூராவும் அந்தப் பேரில் போர்டு தொங்குகிறதே. இழுத்துச் சேர்த்து, பச்சிலையும் முட்டையும் பூசித் துணி சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். இழுக்கும்போது “அம்மா” என்று அலறியவர், கட்டு முடிந்ததும் தரையில் மிச்சம் கிடந்த சிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் நல்ல கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பேட்டரிகள் திரும்பிவிட்டன. பிள்ளைகள் தங்கள் பேரிங்கைத் தாங்களே கழற்றிக்கொண்டன. பலகை மாமா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, மதியம் மணி அதன்மேல்தான் படுக்கிறது. போன வாரம் அம்மா போய்க் கேட்டாள்.

“நாய் படுத்துகினு கீது அக்கா. இப்ப அது சும்மா இல்லியே.”

வழக்கம்போலக் காப்பி வேண்டாம் என்று நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட கையோடு ஒரு சுற்றுத் திரும்பினார். அண்ணாந்து பார்த்தார்.

“அக்கா, அந்த நாலு சங்கிலி...”

அம்மா துடைப்பத்தைத் தேடினாள். அது அங்கே இல்லை.