அனுமதிக்கப்படுகிறது: புதுத் தலைமையாசிரியருக்கு ஒரு கையேடு

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்தாயிற்று. கலந்தாய்வில் கேட்ட ஊர் கிடைக்கவில்லை. கிடைத்த ஊரில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, மாடிக் கழிவறைக்குத் தண்ணீர் ஏறாத வரலாறு எல்லாவற்றையும் பொறுப்பு ஒப்படைத்தவர் சொல்லியிருப்பார். ஒன்றை மட்டும் சொல்லாமல் போயிருப்பார். பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவது, அனுமதிப்பது, கண்காணிப்பது. அதிலும் விளையாட்டில் சேராதவை: பேச்சு, கட்டுரை, ஓவியம், வினாடி வினா, நாடகம், அறிவியல் கண்காட்சி.

விளையாட்டுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். பி.இ.டி. சார் இருக்கிறார், அவருக்கு மேலே மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் இருக்கிறார், குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிகள் இருக்கின்றன. யார் முன்னால் வந்தது என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும். எவ்வளவு தூரம் தாண்டினான் என்பதை நாடா சொல்லிவிடும். பாரதியார் பெயரில் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு அரசு நடத்தும் பெரிய போட்டிகளே பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள்தாம். கவிஞருக்கே கபடியும் கைப்பந்தும்தான் வாய்த்தன என்றால், கவிதை ஒப்பிக்க வரும் எட்டாம் வகுப்புப் பையன் எந்த வரிசையில் நிற்பான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சை அளக்க நாடா இல்லை. அதனால் அதைச் சுற்றியிருக்கும் காகிதத்தை அளக்கிறோம். இதை ஏற்றுக்கொண்டால் உங்கள் பணிக்காலம் நிம்மதியாகக் கழியும்.

முதலில் சுற்றறிக்கையை வரவேற்கப் பழகுங்கள். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் என்று ஆண்டு முழுக்க வரும். முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசு, தலா 2,000. அந்தக் கடிதம் துறை அலுவலகத்தில் கிளம்பி, முதன்மைக் கல்வி அலுவலகத்தில் ஒரு ந.க. எண் வாங்கிக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இளைப்பாறி, உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வந்து இறங்கும்போது இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். போட்டி மறுநாள் காலை ஒன்பதரைக்கு. கடிதத்தின் தலையில் உள்ள தேதியைப் பார்த்து மனம் நோகாதீர்கள். குழுவில் ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். ஒன்றியத்தின் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் கும்பிட்டு முடிக்கும்போது கடிதம் எங்கோ மேலே போயிருக்கும். தேடி எடுக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

பள்ளி அளவில் முதலில் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். இரவு ஒன்பதரைக்கும் காலை ஒன்பதரைக்கும் நடுவே பள்ளி அளவிலான போட்டியை நடத்துவது எப்படி? தமிழம்மாவுக்குப் போன் போடுங்கள்.

“யாரும்மா நல்லாப் பேசுறது?”

“ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுல ஒரு பொண்ணு இருக்குங்க சார்.”

“போன தடவையும் அதானே போச்சு?”

“அது கட்டுரைக்குப் போச்சுங்க சார்.”

போட்டி இனிதே நிறைவுற்றது. இந்தப் பெண் தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறாள். பேசுவாள், எழுதுவாள், கோலம் போடுவாள், இறைவணக்கத்துக்கு மைக் பிடிப்பாள், ஓவியத்துக்கு ஆள் குறைந்தால் வரையவும் செய்வாள். மீதி நானூறு பேரில் யாருக்குப் பேச வரும் என்று தேடிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வரலாம். வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். புதிதாக ஒருவனைக் கண்டுபிடித்தால் அவனுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பாடவேளை வேண்டும். பாடவேளை வேண்டுமென்றால் கணக்கு சாரிடம் கேட்க வேண்டும்.

கணக்கு சார் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருபோதும் மறுக்காதீர்கள். மறுத்தால் பெற்றோர் வருவார்கள், வார்டு உறுப்பினர் வருவார், மனு போகும். “எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லைம்மா, கணக்கு சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க” என்று சொல்லுங்கள். கணக்கு சார் வகுப்பாசிரியரைக் கேட்கச் சொல்வார். வகுப்பாசிரியர் ஹெச்.எம். சொன்னால் சரி என்பார். பிள்ளை வராந்தாவை இரண்டு சுற்றுச் சுற்றி வருவதற்குள் மணி அடித்துவிடும். உங்கள் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்ததாக எவரும் சாட்சி சொல்ல முடியாது.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் என்றால் இந்தச் சுற்றுகூட வேண்டாம். பொதுத்தேர்வு என்ற ஒரு சொல் போதும். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அனுமதி தர வேண்டாத வகுப்புகள் மூன்றாயின, நமக்கெல்லாம் பொற்காலம். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது மேடை ஏறத் துடிக்கிறார்கள். அவர்களுக்கென்று புதிதாக ஒரு காரணம் யோசித்து வையுங்கள். “அடுத்த வருஷம் பன்னிரண்டு” என்பது இப்போதைக்கு ஓடுகிறது.

சரி, அனுப்புவதென்று ஆகிவிட்டது. யார் கூட்டிப் போவது, எதில் போவது? பேருந்துக் கட்டணத்துக்குத் தலைப்பு எதுவும் கிடையாது. பள்ளி மானியத்தில் சாக்பீஸும் ஃபினாயிலும் வாங்கலாம். பேச்சாளரை வாங்க முடியாது. பிள்ளையின் இலவச பஸ் பாஸ் வீட்டிலிருந்து பள்ளி வரைதான் செல்லும்; மாவட்டத் தலைநகரில் போட்டி நடப்பது கண்டக்டருக்குத் தெரியாது. ஆனால் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பேச்சு வரும் பெண், கூட ஒரு ஆசிரியை, முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய பேருந்து. மொத்தச் செலவு பூஜ்யம். நம் பள்ளிகளில் நாவன்மை ஏன் பெண்பிள்ளைகளிடமே இருக்கிறது என்று ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர் யாரேனும் வந்தால் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பேச்சு வரும் பையன்களுக்கு? அவர்களுடைய தமிழய்யா சட்டைப் பையில் கை விட வேண்டும். பெரும்பாலும் விடுகிறார். மதியம் இரண்டு பரோட்டாவும் அவர் கணக்குதான். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது. அதனால் நீங்களும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது மரியாதை.

பெற்றோர் ஒப்புதல் கடிதம் முக்கியம். பிள்ளை போவதும் வருவதும் அடுத்தது. கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். கோடு போட்ட தாளில், “என் மகளைப் போட்டிக்கு அழைத்துச் செல்ல எனக்கு முழுச் சம்மதம். வழியில் ஏற்படும் எந்த அசம்பாவிதத்திற்கும் பள்ளி பொறுப்பல்ல” என்று மகளே முத்து முத்தாக எழுதியிருப்பாள். கீழே அப்பாவின் கையெழுத்து. அதையும் கூர்ந்து பார்த்தால் ‘ழ’வின் வால் மேலே உள்ள ‘ழ’வைப் போலவே இடப்பக்கம் வளைந்திருக்கும். கூர்ந்து பார்க்காதீர்கள். அப்பா திருப்பூரில் இருக்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். முத்திரையை அழுத்திக் குத்துங்கள். மை காய்ந்திருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடலாம்.

இனி பேச்சின் உரை. அதை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட வேண்டும். தமிழம்மா எழுதிக் கொடுத்து, பிள்ளை மனப்பாடம் செய்திருந்தால் பயமில்லை. “நேரம் கருதி என் உரையை நிறைவு செய்கிறேன்” என்று கடைசி வரிவரை கட்டுக்கோப்பாக இருக்கும். பிள்ளை தானாக எழுதியிருந்தால் சிவப்பு மைப் பேனாவை எடுங்கள். தூய்மை பற்றிப் பேசப் போன ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘எங்கள் பள்ளிக் கழிவறைக்குக் கதவு இல்லை, என் தோழி வாசலில் துண்டு பிடித்துக்கொண்டு நிற்பாள்’ என்று ஆரம்பித்துவிட்டாள். எதிரே முன்வரிசையில் அலுவலர்கள். மூன்று நிமிடத்தில் அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. பரிசு கிடைக்கவில்லை. பதினைந்து நாளில் கதவு வந்தது. இதில் உங்களுக்கான பாடம், கதவை முதலில் போட்டுவிட்டுச் சிறுமியை அனுப்புங்கள் என்பதாக இருக்கலாம். ஆனால் இது கையேடு. சிவப்பு மை மலிவு.

கலைத் திருவிழா தனி உலகம். 2022-23இல் பள்ளிக் கல்வித் துறை ஆரம்பித்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, உச்சியில் ‘கலையரசன்’, ‘கலையரசி’ பட்டம். ஒருவழியாகக் கலைக்கும் விளையாட்டைப் போலவே படிகள் கட்டினார்கள். படிக்குப் படி துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். போட்டியை நடத்திவிட்டு வெற்றியாளரைப் பதிவேற்றுவது முறை. பதிவேற்றிவிட்டுப் போட்டியை நடத்துவது நடைமுறை. கடைசி நாளன்று மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து முயலுங்கள்; பால்காரரும் எமிஸும் கிடைக்கும் நேரம் அது.

இந்தத் திருவிழாவில் நான் மனதாரச் சிரித்த விஷயம் ஒன்று உண்டு. தோற்கருவி வாசிப்பு என்று ஒரு பிரிவு. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கருவியும் இல்லை, கற்றுத்தர ஆளும் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “எங்க தாத்தாகிட்ட பறை இருக்கு டீச்சர்” என்றான். அந்தப் பறை அந்த ஊரில் சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் வந்திருக்கிறது, பள்ளிக்கூட வாசலுக்குள் வந்ததில்லை. அரசாணை வந்ததும் வந்தது. வைக்கோலைக் கொளுத்தித் தோலை இறுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்த பையனைச் சுற்றி, அவனை ஒரு நாளும் கரும்பலகைப் பக்கம் கூப்பிடாத ஆசிரியர்கள் நின்று பார்த்தார்கள். அவன் வாசித்தான். அதற்கப்புறம் அவனைக் கண்காணிக்க, அனுமதிக்க, ஒப்புதல் தர அங்கே யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புதுத் தலைமையாசிரியர்கள் இப்படிப்பட்ட நிலைமை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் அதிகாரம் தளரும்.

அறிவியல் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும். யோசனை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. பேட்டரிக் கடைக்காரருக்கும் யோசனைகள் உண்டு என்பது ஊரறிந்தது.

உங்கள் பள்ளியிலேயே போட்டி நடந்தால் நடுவர்தான் தலைவலி. போட்டியிடும் பள்ளிக்காரர் நடுவராகக் கூடாது; போட்டியிடாத பள்ளிக்காரருக்குத் தமிழில் ஆர்வம் இருக்காது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், உள்ளூர்க் கவிஞர் ஒருவர், மைக் செட்டுக்குப் பணம் கொடுத்த அரிமா சங்கத் தலைவர் என்று மூவரைப் பிடியுங்கள். மதிப்பெண் தாளில் கருத்து, உச்சரிப்பு, உடல்மொழி என்று கட்டங்கள் இருக்கும். நடுவர்களுக்குப் பேனா கொடுக்காதீர்கள், பென்சில் கொடுங்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் முதலில் பேசியவனுக்கு எவ்வளவு போட்டிருக்க வேண்டும் என்று தெரியும். கூட்டுத்தொகை சரியான பிறகு மையால் எழுதிக்கொள்ளலாம். தனியார் பள்ளி அம்மா ஒருவர் முழுப் பேச்சையும் செல்போனில் பதிந்து வந்து நியாயம் கேட்பார். அதற்காகத்தான் ஆறுதல் பரிசு. கையில் எப்போதும் நாலு சான்றிதழ் எழுதாமல் வைத்திருங்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, தானும் ஐந்து நிமிடத் தலைப்பில் நாற்பது நிமிடம் பேசுவார். அவருக்கு மணி அடிக்கக் கூடாது.

இத்தனையையும் மீறி உங்கள் பிள்ளை முதல் பரிசு வாங்கிவிடும். பெரும்பாலும் வாங்கிவிடுகிறது, ஏன் என்று எனக்கும் புரியவில்லை. அப்போது கேடயத்தின் இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் மாணவி, தமிழம்மா சற்றுப் பின்னால். படத்தைக் குழுவில் போடுங்கள், கும்பிடுகள் வரும். பரிசுத் தொகை வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எமிஸில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இல்லை. தொகை திரும்பிப் போயிருக்கும். பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையில் பரிசு வாங்கிய பிள்ளைதானே, நன்றாகவே எழுதும். இரண்டு நகல், உரிய வழியாக.