எலி இளவரசிக்கு மாப்பிள்ளை வேண்டாம்

பஞ்சதந்திரத்தில் ஒரு முனிவர், பருந்தின் அலகிலிருந்து நழுவித் தன் கையில் விழுந்த எலிக்குட்டியைப் பெண் குழந்தையாக்கி வளர்ப்பார். வயது வந்ததும் வரன் தேடுவார். குன்றாண்டார்கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து இதைத் தம்பி மகளுக்குச் சொன்னேன். இரண்டாம் வகுப்பு. முதல் வரியிலேயே திருத்தம் வந்தது.

"முனிவர் பொண்ணுன்னா மரவுரிதான் கட்டணும் பெரியப்பா. இளவரசின்னு வைங்க. பட்டுப்பாவாடை."

வைத்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-லேயே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அதற்காகப் புதுக்கோட்டைக்காரியிடம் இளவரசி கிடையாது என்று சொல்ல முடியுமா?

முதல் வரன் சூரியன். சுடுவான், வேண்டாம். சித்திரையில் கீரனூரில் பஸ்ஸுக்கு நின்றவள் என்பதால் விளக்கம் கேட்கவில்லை. அடுத்து, சூரியனையே மறைக்கும் மேகம். கறுப்பு என்று கதைப்பெண் தள்ளிவிடுவாள். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினேன்; எங்கள் வீட்டில் ஒருவரும் வெளுப்பில்லை. மேகத்தை விரட்டும் காற்று ஓரிடத்தில் நிற்காது. காற்றுக்கும் அசையாதது மலை.

"இந்த மலையா?" என்று பாறையைக் காட்டினாள். எட்டாம் நூற்றாண்டில் உளியால் குடைந்து சிவனை வைத்த பாறை, வாசலில் துவாரபாலகர்கள். "இதத்தான் ஏற்கெனவே குடைஞ்சுட்டாங்களே. இதுவா பலசாலி?"

கதையிலும் மலை அதைத்தான் ஒப்புக்கொள்ளும்: என்னையே எலி குடைகிறது, அவனே பெரியவன். பெண் எலியாக மாறி எலியைக் கட்டிக்கொள்வாள். பிறவிக்குணம் மாறாது என்று நீதி. இதைச் சொல்வது யாரென்று பாருங்கள், ஆந்தை ராஜாவின் மந்திரி! எலிக்கு எது பொருத்தம் என்று ஆந்தையிடமா கேட்பது? அதற்கு எலி ராத்திரிச் சாப்பாடு. ஆனாலும் கதை ஊர் ஊராகப் போனது. பிரான்சில் லா ஃபோந்தேன் பாட்டாக்கினார். ஜப்பானில் மலைக்குப் பதில் சுவர்.

"கல்யாணமெல்லாம் வேண்டாம்" என்றாள் இவள். குடைவரைக்கு முன்னாலுள்ள மண்டபத்தைத் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள். கல் சக்கரம், இழுக்கக் கல் குதிரைகள். போதாதா? இளவரசி எலியாகி, குதிரைக் காதுக்குள் ஏறி உட்கார்ந்து, "ஓடுடா" என்றாளாம். சூரியனை "வழியில நிக்காத" என்று அதட்டினாள். காற்றைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னாள். நேரே சித்தன்னவாசல், அங்கே கூரை ஓவியத்துத் தாமரைக் குளத்தில் குதித்து, மீனுக்கும் யானைக்கும் நடுவில் ஒரு நீச்சல்.

"பட்டுப்பாவாடை நனையாதா?"

"அத வழியிலேயே கொறிச்சுத் தின்னுட்டா பெரியப்பா."

ஆந்தை மந்திரி சொன்னதைவிட இது நல்ல கதை என்பது என் தீர்ப்பு. பிள்ளைகளோடு குன்றாண்டார்கோவில் போகிறவர்கள் பஞ்சதந்திர நீதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குதிரைமேல் மட்டும் ஏறவிடாதீர்கள்.