எல்ராண்டின் அவசரம்

டோல்கீன் செத்த பிறகு, 1977-ல் அவர் மகன் வெளியிட்ட ‘சில்மரில்லியன்’ புத்தகத்தில் எல்வே என்றொரு எல்ஃப் ராஜா வருகிறார். தன் சனங்களை மேற்கே வாலினோருக்குக் கூட்டிப் போகிற வழியில், ‘நான் எல்மோத்’ என்ற காட்டுக்குள் தனியாக நுழைந்தார். குயிலைவிட இனிமையாக ஏதோ பறவைகள் பாடின. பாட்டு வந்த திக்கில் போனால், மெலியன் நிற்கிறாள். தேவகணத்துப் பெண். ராஜா கையைப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். வருடங்கள் போயின, சுற்றியிருந்த மரமெல்லாம் வளர்ந்து வானத்தை அடைத்தன. இருவரும் இன்னும் “சௌக்கியமா” வரைகூட வரவில்லை.

ராஜாவைத் தேடி அலுத்த கூட்டத்தில் பெரும்பகுதி தம்பி ஓல்வே பின்னால் கிளம்பிவிட்டது. மிச்சப்பேர் அங்கேயே காத்திருந்தார்கள். ராஜவிசுவாசமாம். எனக்கென்னவோ, போகிற இடத்திலும் அவர்களுக்குத் தலைபோகிற வேலை இருந்ததாகத் தெரியவில்லை. மூப்பால் சாவே கிடையாது. 144 வருடத்தைச் சேர்த்து ஒரு ‘யேன்’ என்று எண்ணுகிற இனம் அது.

இந்த நிதானம் காதலோடு நின்றிருக்கலாம். பகைக்கும் அதே காலண்டர்தான். எல்வே பிற்பாடு திங்கோல் என்ற பெயரில் தோரியத் என்ற நாட்டை ஆண்டு, ஒரு நகைத் தகராறில் குள்ளர்கள் கையால் செத்தார். ஆறாயிரம் வருடம் கழித்து கிம்லி என்ற குள்ளர் எல்ஃப்களின் லோத்லோரியன் எல்லைக்கு வந்தால், “கண்ணைக் கட்டினால்தான் உள்ளே விடுவோம்” என்கிறார்கள். கிம்லி கோடரியை உருவ, கடைசியில் கூட வந்த எல்ஃப் லெகோலாஸ் உட்பட எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவித் தடவி நடந்தார்கள். அந்த ஊர்த் தலைவர் கெலபோர்ன் யார்? திங்கோலுக்குச் சொந்தக்காரர்!

திங்கோலின் எள்ளுப்பேரன் எல்ராண்ட் இவர்களுக்கெல்லாம் மேல். போரில் கைப்பற்றிய தீய மோதிரத்தை நெருப்பில் போடச் சொல்லி, இசில்துர் என்ற மனித ராஜாவுக்குப் பக்கத்திலிருந்தே புத்தி சொன்னவர். அவன் கேட்கவில்லை. இவரும் வீடு திரும்பிவிட்டார். அதைப் பற்றி முறையாகச் சபை கூட்டியது மூன்றாம் யுகம் 3018-ல். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய போரை நேரில் பார்த்தவராக அவர் விவரித்தபோது, ஃப்ரோடோ என்ற ஹாபிட்டுக்கு வியப்பு வாய்விட்டே வந்துவிட்டது. பாவம், அவனுக்கு அப்போதுதான் ஐம்பது. அந்தச் சபையில் கைக்குழந்தை.

கடைசியில் மோதிரத்தைச் சுமக்க முன்வந்ததும் அந்தக் கைக்குழந்தைதான். சபை நடந்தது அக்டோபர் 25. அவனோடு எட்டுப் பேரைச் சேர்த்து வழியனுப்பியது டிசம்பர் 25, நடுங்கும் குளிரில். இரண்டே மாதம். எல்ராண்டைப் பொறுத்தவரை அது தலைதெறிக்கிற அவசரம்.