லாம்டன் துரைக்குப் பிடித்த ஏழரை

1793-இல் சீனப் பேரரசர் சியென்லுங்குக்கு இங்கிலாந்திலிருந்து சீர்வரிசை போனது. கடிகாரம், கோச்சு வண்டி, பூகோள உருண்டை என்று மெக்கார்ட்னி பிரபு கப்பலில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். கூடவே நூறடி நீளத்தில் ஓர் எஃகுச் சங்கிலி. கல்யாண வீட்டில் ஒன்பதாவது குத்துவிளக்கு வந்தால் என்ன முகம் காட்டுவார்களோ, அதே முகத்தைத்தான் பேரரசரும் காட்டினார். சங்கிலி, தூதுக்குழுவோடு போன விஞ்ஞானி டின்விடியின் தலையில் கட்டப்பட்டுக் கல்கத்தா வந்தது. அங்கிருந்து வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரியின் கைக்குப் போனது. இந்தியாவின் நீள அகலத்தை அளந்த மகா சர்வே, அடுத்த வீட்டில் வேண்டாமென்ற மொய்யை வைத்துத்தான் ஆரம்பமானது.

லாம்டன் ஒரு மாதிரியான ஆள். திப்பு சுல்தானோடு நடந்த 1799 போரில் ஓர் இரவு, தளபதி பெயர்டு படையை நேரே எதிரியின் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்த லாம்டன், "ஐயா, நாம் வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம்" என்றார். தளபதிக்குக் கோபம். அப்புறம் திசைகாட்டியைப் பார்த்தார், சத்தமில்லாமல் திரும்பினார். இப்படிப்பட்ட ஆள் போர் முடிந்ததும் தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கிறேன் என்று கிளம்பினால் கிழக்கிந்தியக் கம்பெனியால் எப்படித் தடுக்க முடியும்?

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலியை நீட்டினார். பெரும்பாக்கம் பக்கமாக ஓர் ஆதாரக் கோடு. அதன் நீளம் மட்டும் துல்லியமாகத் தெரிந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் கோணத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, மேலே கூடாரம் போட்டு, சுமார் நானூறு முறை தூக்கித் தூக்கி வைத்தார்கள். சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில் எஃகு மட்டுமா நீளும், நாக்கும்தான் நீளும். சங்கிலிக்காவது கூடாரம் இருந்தது.

அளந்து முடித்த தூரம் ஏழரை மைல். அந்த எண்ணைக் கேட்டதும் நம்மூர்க் கிழவி யாராவது, "துரை, திருநள்ளாறு போய் ஒரு எள் தீபம் போட்டுவிட்டு வாரும்" என்று சொல்லியிருப்பாள். சொல்ல ஆளில்லை.

கோணம் பார்க்க லண்டனில் செய்த தியோடலைட், அரை டன் கனம், கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே மடக்கி மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்தால் தங்கமில்லை, பீரங்கியில்லை, பித்தளை வளையமும் கண்ணாடியும். பிரெஞ்சு ஆளுநர் மரியாதையாக ஒரு கடிதமும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். இதுவும் திரும்பி வந்த சீர்தான்.

நாலைந்து வருடத்தில் வேறொரு வில்லங்கம் வெளியே வந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய படங்கள் 400 மைல் என்று காட்டியதை லாம்டன் 360 என்றார். பத்திரத்தில் இருக்கும் நிலம் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்ததும் சுருங்குவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கம்பெனியின் நிதிக் கமிட்டிக்காரர் ஒருவருக்கு இதெல்லாம் வீண் செலவு. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குபவனிடம் சொன்னால் போதும், லாம்டனின் படம் எதற்கு என்று கேட்டார். தணிக்கைக்காரர்கள் எந்தக் காலத்திலும் ஒரே ஜாதகம்தான்.

1808-இல் லாம்டன் தஞ்சாவூருக்கு வந்தார். காவிரிப் பாசனப் பூமியில் எங்கு பார்த்தாலும் வயலும் தென்னையும்தான். கருவியை வைக்க ஒரு குன்று கிடையாது. இருந்த ஒரே மலை ராஜராஜன் கட்டியது. பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. அரை டன் பித்தளை கல்லில் மோதி, கோணம் பார்க்கும் வட்டம் கோணிப்போனது. 1802-இலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏழரை வருடம் முடியவில்லை.

வேறு யாராவது என்றால் கப்பலேறியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய், தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாமல், ஆறு வாரம் ஆப்பு வைத்தும் திருகியும் இழுத்தும் வட்டத்தை வட்டமாக்கினார். அதை வைத்தே வடக்கு நோக்கி அளந்துகொண்டு போனார். 1823-இல் ஹிங்கன்காட்டில் இறக்கும்போதும் அளந்து முடிந்திருக்கவில்லை.

மிச்சத்தை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார், அவருக்குப் பின் ஆண்ட்ரூ வா. முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரம் வரை போயின. ராதாநாத் சிக்தார் கணக்குப் போட, பதினைந்தாம் சிகரம் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. விடை சரியாக 29,000 அடி வந்ததாம். குத்துமதிப்பு என்று ஊர் சிரிக்கும் என்று பயந்து இரண்டு அடி கூட்டிப் போட்டதாக ஒரு கதை உண்டு. தஞ்சாவூரில் கருவி வாங்கிய அடி இதில் சேராது. சிகரத்துக்குப் பெயர் வைத்தபோது, தன் பெயர் உள்ளூர்க்காரர்கள் வாயில் நுழையாது என்று எவரெஸ்ட்டே தடுத்துப் பார்த்தார். யார் கேட்டார்கள்? சங்கிலியைச் சுமந்தவருக்கு மலையும் இல்லை, மடுவும் இல்லை.

2020 டிசம்பரில் அதே சிகரத்தை மறுபடி அளந்து, உயரம் 8,848.86 மீட்டர் என்று நேபாளத்தோடு கைகோத்து ஒரு நாடு அறிவித்தது. எந்த நாடு என்கிறீர்களா? அன்றைக்குச் சங்கிலி வேண்டாமென்று சொன்ன வீடுதான்.