ரோம் பார்த்தவர்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இவரைப் பார்க்கலாம். மகனோ மகளோ வெளிநாட்டில் வேலை. அந்தப் புண்ணியத்தில் ஐரோப்பா போய் வந்தவர். பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்ல. சாம்பார் வருவதற்குள் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டி முடித்துவிடுவார்: 1506இல் அஸ்திவாரம், 1626இல் அபிஷேகம், உயரம் 136 மீட்டர், உச்சிக்கு 551 படி. "ஏறினீங்களா?" என்று கேட்பது நாகரிகமல்ல. இத்தனை எண் தெரிந்தவருக்குத் திருமானூர் பக்கம் இருக்கும் ஏலாக்குறிச்சி மாதா கோயில் மட்டும் தெரியாது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கார்க் கண்ணாடி ஏற்றியே இருக்கும். ஆக, இவர் பார்க்கப் போனது தேவாலயத்தை அல்ல, தூரத்தை என்பது என் கட்சி.

கொள்ளிடக் கரைக் கிராமத்துக் கோயிலை ரோமோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அளவில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவரே இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர். நம்மவர் விமானமேறிப் பார்த்துவரும் நாட்டை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். வந்த இடத்தில் தேம்பாவணியை 3615 பாடலில் பாடியவர். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் ஆளாளுக்குத் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினார்களே, அந்தக் கதையும் அவர் எழுதியதுதான். நம்மவர் தேவாலயங்களை எண்ணும் கணக்கும் அதே கணக்கு. வேற்று மதத்தவர் அங்கே எதற்குப் போக வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. ரோமில் அந்தக் கேள்வி எழவே இல்லையே! அதுபோக, அரியலூர் ஜமீன்தார் மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியை முனிவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்ததாகவும் இந்த ஊரே சொல்கிறது. ஜமீன்தாருக்கு இல்லாத தயக்கம் நம்மவருக்கு எதற்கு?

செலவழித்துப் போனவர் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளட்டுமே என்றால், தாராளமாக. அந்த உரிமை டிக்கெட் விலையிலேயே அடக்கம். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். ஏலாக்குறிச்சியை இத்தாலிக்காரர் கட்டினார் என்று மெல்லக் காதில் போடுங்கள். "அப்படியா!" என்று உடனே போனில் வழி தேடுவார். நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் ஆர்வம் பாதியாகும். பேதுரு பேராலயத்துக்குள் நுழையவும் கட்டணம் கிடையாது. அதை மட்டும் அவர் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.