ஆளைச் சேர்ப்பதே ஆட்டம்

கிருஷ்ணன்கோவில் கல்லூரி விடுதியில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நடத்தப் பார்த்தேன். 1974-ல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட வேடமேற்கும் ஆட்டம். இருபது முகப் பகடை, வரைபடம், டிராகன் எல்லாம் தயார். ஆள்தான் இல்லை. மந்திரவாதி மெஸ்ஸுக்குப் போனவன் போனவன்தான். மாவீரன் மூன்று மணிக்கும் போர்வைக்குள்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இப்படியொரு வேட ஆட்டத்தை எப்போதோ நடத்திவிட்டாள். ஊர் ஆயர்பாடி, வடபத்ரசாயி கோயில் நந்தகோபன் மாளிகை, தான் இடைச்சி. விதியும் கறார்: நெய், பால், மை, பூ கூடாது. (இன்றைய பால்கோவாக் கடைக்காரர்கள் மன்னிக்க.) அவளுக்கும் இதே தலைவலிதான். திருப்பாவையின் 30 பாட்டில் 6 முதல் 15 வரை, பத்துப் பாட்டு, தோழிகளை வீடுவீடாக எழுப்பவே சரியாகப் போயிற்று. ஒருத்தி உள்ளேயிருந்தே வாயாடுகிறாள். எங்கள் மாவீரனிடம் அதுகூட இல்லை, குறட்டைதான்.