ஒரே கல்யாணி, மூன்று வேலை

கேள்வி: இளையராஜாவின் ஒரு பாட்டு கும்பிட வைக்கிறது, அடுத்தது காதலிக்கச் சொல்கிறது, இன்னொன்று காரணமில்லாமல் கண்ணைக் கலங்க வைக்கிறது. ஒரே ஆளால் இது எப்படி முடிகிறது?

பதில்: ஆள் மட்டுமா ஒன்று? பல சமயம் ராகமும் ஒன்றுதான்! கல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த ‘தாய் மூகாம்பிகை’ படத்தில் ‘ஜனனி ஜனனி’யை அந்த ராகத்தில் போட்டு அவரே பாடினார். டீக்கடை ரேடியோவில் வந்தால்கூட செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றும். அதே கல்யாணிதான் 1991-இல் ‘தளபதி’யில் ‘சுந்தரி’யாக வந்தாள். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பிரிவில் உருக, இடையிசையில் வயலின்கள் கூட்டமாகப் பாய, ரஜினி போர்க்கோலத்தில் குதிரை ஏறிவிடுகிறார். ஏக்கமும் வீரமும் ஒரே டிக்கெட்டில்.

‘சிந்து பைரவி’யில் (1985) செய்ததுதான் அசல் குறும்பு. ‘கலைவாணியே’ பாட்டைக் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்தே கட்டிவிட்டார். சுரங்கள் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். வரிசையாக இறங்கி வர வழியே கிடையாது. யேசுதாஸின் குரலில் அந்தத் தவிப்பு நம் தொண்டையில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. வித்வான்கள் மறுக்கலாம், பாட்டு முடிந்த பிறகு மறுக்கட்டும்.

ராகம் பாதிதான். மீதி வேலை பேஸ் கிட்டாருக்கு. அடுத்த முறை பாடகரைக் கொஞ்சம் விட்டுவிட்டு அதை மட்டும் பின்தொடருங்கள். மேலே குரல் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே அது தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் இது கேட்காது. நல்ல ஹெட்போன் வாங்க வீட்டில் பேசிப் பாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.